வோகோடரில் சொல் தெளிவாகக் கேட்க: மைக்கிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

வோகோடர் (பேச்சின் வடிவத்தைக் கீபோர்டு ஒலிக்கு ஏற்றி, கருவியே பேசுவதுபோல் கேட்க வைக்கும் வசதி) உள்ள கீபோர்டை வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "இசை வருகிறது, சொல் வரவில்லை." மைக்கில் எதைப் பேசினாலும் ஸ்பீக்கரில் ஒரே முனகல். உடனே விலை கூடிய மைக் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆலயப் பாடகர் குழுவுக்கோ மெல்லிசைக் குழுவுக்கோ கீபோர்டு வாசிக்கும் பலரிடம் இந்தச் செலவுக் கதை இருக்கிறது. மைக் மாறுகிறது, முனகல் மாறுவதில்லை.

மைக் மட்டமானது என்பதால் வோகோடர் மங்குவது அபூர்வம். மைக் ஒலி எந்த அளவில், எவ்வளவு நெருக்கத்திலிருந்து, எவ்வளவு சுத்தமாகக் கருவிக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. பாட்டுக்கு நல்ல ஒலி வேறு, வோகோடருக்கு நல்ல ஒலி வேறு. பாடகருக்குக் கொடுத்தால் 'என்ன இவ்வளவு கூர்மையாக, வறட்சியாக இருக்கிறது' என்று முகம் சுளிப்பாரே, வோகோடருக்கு வேண்டியது அந்த ஒலிதான். இதை ஏற்றுக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் இயல்பாகப் புரியும்.

கருவி உங்கள் குரலை என்ன செய்கிறது

வோகோடர் இசைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர், தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக இதை உருவாக்கினார். காப்புரிமை கிடைத்தது 1939இல். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ரகசியத் தொலைபேசி உரையாடலுக்கு இதே நுட்பம் பயன்பட்டது. 1970இல் வெண்டி கார்லோஸும் ராபர்ட் மூக்கும் 10 பட்டைகள் கொண்ட இசை வோகோடரை அமைத்தார்கள். 2002இல் வந்த மைக்ரோகோர்க் வழியாக அது சாமானியரின் கைக்கு எட்டியது. அதில் 8 பட்டைகள். இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டுக்கு அந்தக் கருவியையே வைத்துக்கொள்கிறேன். பிற கருவிகளில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

உங்கள் குரலைக் கருவி அடிச்சுருதி, நடுச்சுருதி, மேல்சுருதி என்று பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் அந்த நொடியில் எவ்வளவு வலு இருக்கிறது என்று மட்டும் அளக்கிறது. பிறகு கீபோர்டில் நீங்கள் பிடிக்கும் ஸ்வரத்தையும் அதே பட்டைகளாகப் பிரித்து, குரல் சொன்ன அளவுக்கு ஒவ்வொன்றையும் திறந்து மூடுகிறது. நாஞ்சில் நாட்டு வாய்க்கால் மடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: கீபோர்டின் ஒலி வாய்க்காலில் வரும் தண்ணீர், குரல் மடைப்பலகையைத் தூக்கி இறக்கும் கை. வாய்க்காலில் தண்ணீர் இல்லாவிட்டால் மடையை எவ்வளவு திறந்தாலும் வயலுக்கு எதுவும் போகாது.

அதாவது உங்கள் குரலின் இனிமை, கார்வை, கமகம் எதுவும் மறுபக்கம் போவதில்லை. பட்டைகளின் வலு ஏறி இறங்குவது மட்டும் போகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தெளிவாகக் கொடுப்பதுதான் மைக்கின் ஒரே வேலை.

முதல் படி: மைக்கைத் தொடும் முன் கீபோர்டு ஒலியைச் சரிபார்க்கவும்

மைக் பழி சுமக்கும் பாதிக் குற்றங்கள் இங்கே நடந்தவை. வோகோடருக்குக் கொடுக்கும் ஒலி சா டூத் அலையாக இருக்கட்டும். எல்லா மேற்சுரங்களும் (ஒரு ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள்) அதில் நிறைவாக உண்டு. சைன் அலை, புல்லாங்குழல், மென்மையான பேட் போன்றவற்றில் மேல் பட்டைகள் காலி. ஃபில்டரை முழுவதும் திறந்து, ரெசனன்ஸ் (ஃபில்டர் ஓரிடத்தைக் கூர்மையாக்கும் அளவு) என்பதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். விசையை அழுத்தியிருக்கும் வரை ஒலி குறையாமல் நிற்க வேண்டும்; பியானோபோல் தேய்ந்து போகும் ஒலியில் வாக்கியத்தின் பின்பாதி காணாமல் போகும். வோகோடருக்கு இரண்டாவது ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) தரும் கருவியாக இருந்தால், அதன் சுருதியைச் சற்றே விலக்கி வைத்தால் தடிமன் கிடைக்கும். நாய்ஸ் என்ற இரைச்சல் ஒலியையும் கொஞ்சம் கலந்துவிடுங்கள். ஸ், ஷ் போன்ற ஒலிகளுக்கு மூலப்பொருள் அதுதான்.

எந்த உயரத்தில் வாசிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு கணக்குப் பார்க்கலாம். 110 ஹெர்ட்ஸில் உள்ள ஏ விசையை அழுத்தினால் அதன் மேற்சுரங்கள் 110 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மட்டும் அவை ஒன்பது. இரண்டு ஸ்தாயி மேலே போய் 440 ஹெர்ட்ஸ் ஏவை அழுத்தினால் அதே பகுதியில் இருப்பவை இரண்டே இரண்டு: 1320, 1760. உயிரெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு கோடுகளை வைத்துக்கொண்டு முகம் வரைய முடியாது. எனவே இடது கையில் ஒரு தாழ்ந்த ஸ்வரம் எப்போதும் இருக்கட்டும். மைக்ரோகோர்க்கில் ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரங்கள்தான் ஒலிக்கும். ஐந்து விரல் வைத்தால் ஒன்று விழுந்துவிடும். தாழ்ந்த ஒன்று, நடுவில் இரண்டு என்று மூன்றே போதும்.

இரண்டாம் படி: சரியான மைக், சரியான துளை

கருவியுடன் வரும் வளைகழுத்து மைக் கண்டென்சர் வகை. அதற்கு வேண்டிய சில வோல்ட் மின்சாரத்தைக் கருவியின் துளையே கொடுக்கிறது. வீட்டில் தனியாகப் பழக அது போதும். மேடையில் அது உங்கள் வாயைவிட உங்கள் விரல் விசையில் விழும் ஓசையையும், அருகிலிருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரையும், டிரம்ஸையும் ஆவலோடு கேட்கும்.

மேடைக்கு, தனி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்தான். ஷூர் எஸ்எம்58 போன்ற சாதாரண மேடை மைக் இதற்குத் தாராளமாகப் போதும். 1966 முதல் உலகம் முழுவதும் அடிபட்டு உழைக்கும் மைக் அது. அதன் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ். வோகோடரின் பட்டைகளுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. ஸ்டூடியோவில் பயன்படும் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஆலயக் கூடத்தில் உபகாரத்தைவிட உபத்திரவமே அதிகம் செய்யும். கடைசி வரிசையில் குழந்தை அழுவதையும் அது வோகோடருக்கு ஊட்டிவிடும்.

எந்த மைக்கை எங்கே சொருகுவது என்பதில் கவனம் வேண்டும். மைக்ரோகோர்க்கில் கண்டென்சர், டைனமிக் இரண்டுக்கும் தனித்தனித் துளைகளும், எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சும் உண்டு. மைக், லைன் (மிக்சர் போன்ற கருவிகள் தரும் வலுவான அளவு) என்று அளவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு சுவிட்ச். டைனமிக் மைக்கைச் சொருகிவிட்டு இந்தச் சுவிட்ச் லைனில் நின்றால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மைக் பழுது என்று கடைக்கு எடுத்துச் செல்லும் முன் இந்த இரண்டு சுவிட்சுகளையும் பாருங்கள்.

கேபிளைப் பற்றி ஒரு பத்தி தேவைப்படுகிறது. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் முனையில் முதல் பின் கவசம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒலியைச் சுமப்பவை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். கீபோர்டின் மைக் துளை பெரும்பாலும் மோனோ ஜாக். எக்ஸ்எல்ஆரிலிருந்து மோனோ ஜாக்குக்கு வரும் கேபிளில் மூன்றாவது பின் கவசத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்காமல் தொங்க விட்ட கேபிளில் ஒலி மிக மெலிந்துபோகும் அல்லது வரவே வராது. ஸ்டீரியோ துளை உள்ள கருவியில் பேலன்ஸ்டு கேபிளை (இரண்டாவது, மூன்றாவது பின்களைத் தனித்தனியே கொண்டுவரும் கேபிள்) சொருகினால் வேறொரு வேடிக்கை நடக்கும். இடதும் வலதும் எதிரெதிராக நுழைந்து, உள்ளே மோனோவாகக் கூடும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். மைக் வேலை செய்யும், அளவுகாட்டியும் ஆடும், வோகோடரில் மட்டும் எதுவும் கேட்காது. மல்டிமீட்டர் கையில் இருந்தால் கேபிளின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

மூன்றாம் படி: அளவு, அளவு, அளவு

இந்தப் படி ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டாலும் முன்னேற்றம் தெரியும். டைனமிக் மைக் வாயருகே வைத்து உரக்கப் பேசும்போதுகூடச் சில மில்லிவோல்ட் மட்டுமே தருகிறது. எஸ்எம்58க்கு 94 டெசிபல் ஒலியில் கிடைப்பது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. லைன் அளவு என்பதோ அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று பேசும் உலகம். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 50 டெசிபல், அதாவது 300 மடங்கு. இந்த ஏற்றத்தைக் கீபோர்டுக்குள் இருக்கும் சிறிய மைக் ஆம்ப் ஒருவழியாகச் செய்கிறது. ஆனால் கூடவே இரைச்சலையும் ஏற்றிவிடுகிறது. அந்த இரைச்சல் மேல் பட்டைகளை எப்போதும் பாதி திறந்தே வைத்திருப்பதால் சொல்லுக்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் அழிகிறது.

நல்ல வழி, நடுவில் ஒரு சிறிய மிக்சரை வைப்பது. நான்கு சேனல் உள்ள மலிவான மிக்சர் போதும். மைக் மிக்சருக்கு, மிக்சரின் வெளியீடு கீபோர்டின் ஆடியோ துளைக்கு, கீபோர்டின் சுவிட்ச் லைனில். புது மைக்குக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்பதே என் பரிந்துரை. இதற்கு ஈடான முன்னேற்றத்தை வேறெந்தச் செலவும் தராது.

அளவை வைக்கும் முறை இது. கீபோர்டின் உள்ளீட்டுத் திருகியை நடுவில் வையுங்கள். நிகழ்ச்சியில் எவ்வளவு உரக்கப் பேசுவீர்களோ அவ்வளவு உரக்க மைக்கில் பேசுங்கள். சோதனையின்போது கிசுகிசுத்துவிட்டு மேடையில் முழங்குவது நம் ஊர் வழக்கம், அது வேண்டாம். மிக்சரில் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) கூட்டிக்கொண்டே போய், உச்சத்தில் சிவப்பு விளக்கு மின்னும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சற்றுக் குறையுங்கள். பிறகு கீபோர்டின் உள்ளீட்டிலும் இதையே செய்யுங்கள். சிவப்பு தொடர்ந்து எரிந்தால் குரல் சிதைந்து எல்லாப் பட்டைகளிலும் ஒரே நேரத்தில் வலு தெறிக்கும். ஆவும் ஈயும் ஒன்றாகிவிடும். எப்போதாவது ஒருமுறை மின்னினால் வோகோடர் பொறுத்துக்கொள்ளும்.

மிக்சரில் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியாகக் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது) பொத்தான் இருந்தால் டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. மூன்றாவது பின் கவசத்தோடு இணைந்த கேபிள் இருந்தால் அதை அணைத்தே வையுங்கள்; இல்லையென்றால் மைக்கின் சுருளுக்குள் தேவையற்ற மின்சாரம் ஓடும்.

நான்காம் படி: வாய்க்கும் மைக்குக்கும் இடையில்

தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி 6 டெசிபல் குறைகிறது. 5 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மைக் விலகினால் 12 டெசிபல் போய்விட்டது. கூடத்தின் எதிரொலியோ குறைவதே இல்லை. நம் ஆலயக் கூடங்கள் பெரும்பாலும் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடிச் சன்னல். கைதட்டினால் ஒலி சுற்றி வந்து அமரும். அந்த எதிரொலி வோகோடருக்குள் நுழையும்போது ஒரு எழுத்து அடங்கும் முன் அடுத்த எழுத்து மேலே ஏறிக்கொள்கிறது.

எனவே உதட்டுக்கு இரண்டு, மூன்று விரல் இடைவெளியில் மைக் இருக்கட்டும். நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்திலிருந்து சற்றே சாய்த்து வையுங்கள். 'ப', 'ப்ப' சொல்லும்போது வெளிவரும் காற்று மைக்கில் மோதினால் கீழ்ப் பட்டைகள் 'டும்' என்று திறந்து சொல்லையே மூழ்கடித்துவிடும். இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும் என்பதால் பூம் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். ஸ்டாண்டை மேடைப் பலகையில் அல்லாமல் ரப்பர் விரிப்பின் மேல் நிறுத்தினால் கால் தட்டும் அதிர்வு ஏறாது.

பக்கத்தில் சுழலும் பெடஸ்டல் ஃபேனை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மிக்சரில் செதுக்குதல்

முதலில் அணைக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். எக்கோ, ரிவெர்ப், டிலே எல்லாம் முற்றிலும் அணைய வேண்டும். நம் மாவட்டத்தில் மைக் செட் அமைப்பவர்களுக்கு எக்கோ மேல் தனிப் பிரியம் உண்டு. கொடியேற்ற அறிவிப்புகூட மூன்று முறை திரும்பக் கேட்டால்தான் கம்பீரம். அதை அவர்களுடைய மைக்கில் வைத்துக்கொள்ளட்டும். வோகோடருக்குப் போகும் வழியில் எக்கோவின் நிழல்கூட விழக்கூடாது. எதிரொலி வேண்டுமென்றால் கீபோர்டிலிருந்து வெளிவந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ் ஒலியை அடக்கும் டி எஸ்ஸர் இருந்தால் அதையும் அணையுங்கள். பாட்டில் காதைக் குத்தும் அந்த 'ஸ்' ஒலிதான் இங்கே நமக்கு வேண்டிய பொருள்.

அடுத்து லோ கட். மைக்கை நெருக்கி வைத்ததால் அடிச்சுருதி தானாகவே வீங்கியிருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். வெட்டும் இடத்தை மாற்ற முடிந்தால் ஆண் குரலுக்கு 120, பெண் குரலுக்கு 150 வரை போகலாம். குரல் மெலிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். தடிமனைக் கீபோர்டு கொடுக்கும்.

300 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியை 3 டெசிபல் அளவுக்குக் குறையுங்கள். முனகல் பெரும்பாலும் குடியிருப்பது அங்கேதான். 2000 முதல் 5000 வரையிலான பகுதியை 3 முதல் 6 டெசிபல் வரை உயர்த்துங்கள். ட, த, க போன்ற வல்லினங்கள் தலை தூக்குவது இங்கே. ட்ரெபிள் திருகியையும் தயங்காமல் ஏற்றலாம். நேரடியாகக் கேட்டால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒலி மாதிரி இருக்கிறதா? சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கி அளவைச் சீராக்குவது) இருந்தால் 4க்கு 1 என்ற விகிதம், அட்டாக் 5 முதல் 10 மில்லிநொடி, ரிலீஸ் 100 மில்லிநொடி அருகே, உச்சத்தில் 6 டெசிபல் குறைப்பு. அட்டாக்கை இதைவிட வேகமாக வைத்தால் வல்லினத்தின் முதல் வெடிப்பையே அமுக்கிவிடும். வாக்கிய முடிவில் குரல் தாழ்வது பேச்சின் இயல்பு. கம்ப்ரஸர் அந்தக் கடைசிச் சொல்லையும் மற்றச் சொற்களுக்கு இணையாகத் தூக்கிக் கொடுக்கும். ஒரே திருகியில் கம்ப்ரஸர் தரும் சிறு மிக்சர்களில் அதைப் பாதிக்கு மேல் திருகாதீர்கள். திருகினால் ஃபேன் சத்தமும் பேச ஆரம்பிக்கும்.

ஆறாம் படி: கருவியின் உள்ளே

மைக்ரோகோர்க்கில் வோகோடர் ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ இன் 1 பக்கத்துக்குப் போனால் நான்கு திருகிகள் கிடைக்கும். திரெஷோல்டு என்பது எந்த அளவுக்குக் கீழே வரும் ஒலியைச் செவிசாய்க்காமல் விடுவது என்ற எல்லை. நீங்கள் பேசாமல் விசையை மட்டும் அழுத்திப் பிடியுங்கள்; ஏதாவது கசிந்தால் கசிவு நிற்கும் வரை கூட்டுங்கள். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் போனால் மெல்லின எழுத்துகள் தொண்டையிலேயே நின்றுவிடும். கேட் சென்ஸ் அந்தக் கதவு எவ்வளவு வேகத்தில் மூடுகிறது என்பது. தாழ்வாக வைத்தால் சொல் வெட்டுப்படும், நடுவுக்குச் சற்று மேலே நல்லது.

ஹெச்பிஎஃப் லெவல்தான் பலரும் தொடாமல் விடும் புதையல். உங்கள் குரலிலிருந்து மேல்சுருதிப் பகுதியை மட்டும் வடிகட்டி, வோகோடரைத் தாண்டி நேராக வெளியீட்டில் கலக்கிறது இது. ச, ஸ, ஷ, ட, த எல்லாம் உங்கள் சொந்த வாயிலிருந்தே வரும். உயிரொலிகள் மட்டும் கருவியிலிருந்து வரும். இதைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே பேசினால் ஓரிடத்தில் சொல் சட்டென்று புரியத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஹெச்பிஎஃப் கேட்டையும் இயக்கி வையுங்கள். விசையை அழுத்தாதபோது மேல் இரைச்சல் கேட்காது.

ஃபில்டர் பக்கத்தில் ஈ.எஃப். சென்ஸ் என்று ஒன்று உண்டு. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பட்டைகள் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பின்தொடர்கின்றன என்பதை அது தீர்மானிக்கிறது. தெளிவுக்குத் தாழ்வாக வையுங்கள். 127க்குப் போனால் கடைசியாகச் சொன்ன எழுத்தின் வடிவமே உறைந்து நின்றுவிடும். பட்டைகளின் இடத்தை நகர்த்தும் ஃபார்மன்ட் ஷிஃப்டை முதலில் சுழியத்தில் விட்டுவிடுங்கள்.

கடைசியாக டைரக்ட் லெவல். மாறாத குரலையும் ஒரு சிட்டிகை கலந்துகொள்ளலாம். தனியே கேட்கும் அளவுக்கு வேண்டாம். அதை அணைத்தால் ஏதோ குறைந்ததுபோல் தோன்ற வேண்டும், அவ்வளவே.

ஏழாம் படி: தமிழைப் பேச வைத்தல்

கருவியின் கையேடுகள் ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதிக்கச் சொல்கின்றன. நமக்கு நம் எழுத்துகள்தான் சோதனை. நான் பரிந்துரைக்கும் சொற்கள் இரண்டு: மட்டி வாழைப்பழம், கிறிஸ்துமஸ். இந்த இரண்டும் தெளிவாக வந்தால் எந்தப் பாட்டும் வரும்.

'மட்டி வாழைப்பழம்' என்பதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். 'ட்ட' என்பதில் ஒரு நொடிப்பிளவு மௌனம், பிறகு வெடிப்பு. திரெஷோல்டும் ஈ.எஃப். சென்ஸும் சரியாக இருந்தால் அந்த மௌனம் காதில் விழும். இல்லாவிட்டால் 'மடி' என்று மழுங்கும். 'ப்ப'வும் அப்படியே. 'வா' எளிது, வாய் அகலத் திறக்கும் ஆகாரம் எல்லாக் கருவியிலும் ஒலிக்கும். சிக்கல் ழகரத்தில். நாக்கை மேலே வளைக்கும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. லகரத்திலிருந்து ழகரத்தைக் காது பிரிப்பது பெரிதும் அந்த இறக்கத்தை வைத்துத்தான். 100 முதல் 6400 ஹெர்ட்ஸ் வரை ஆறு ஸ்தாயி. அதை எட்டுப் பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முக்கால் ஸ்தாயி அகலம். ழகரத்தின் இறக்கம் அந்த ஒரே பட்டைக்குள் நடந்து முடிந்துவிடலாம், கருவிக்குத் தெரியவே தெரியாது. எனவே 8 பட்டைக் கருவியில் 'வாளைப்பளம்' என்றோ 'வாலைப்பலம்' என்றோ கேட்டால் உங்கள் உச்சரிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். நாக்கை வழக்கத்தைவிட அதிகமாக வளைத்து, ழகரத்தில் சற்று நேரம் தங்கிப் பாருங்கள். டைரக்ட் லெவலை ஒரு புள்ளி கூட்டுவதும் உதவும். 16 பட்டைகளோ அதற்கு மேலோ உள்ள கருவியில் வித்தியாசம் தெரியும்.

'கிறிஸ்துமஸ்' சோதிப்பது மேல் பட்டைகளை. ஸ் ஒலியின் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. 'கிறித்துமா' என்று கேட்டால் நாய்ஸோ ஹெச்பிஎஃப் லெவலோ குறைவு. டிசம்பரில் கரோல் பவனிக்குப் போகும் குழுவுக்கு இந்த ஒரு சொல் சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது.

வோகோடரில் பாட வேண்டாம், பேசுங்கள். சுருதியைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். ஒரே உயரத்தில், வாயை மிகையாக அசைத்து, செய்தி வாசிப்பவர்போல அழுத்தம் திருத்தமாகச் சொல்லுங்கள். சொல்லுக்கு ஒரு கணம் முன்பே விசையை அழுத்திவிடுங்கள். விசை தாமதமானால் முதல் எழுத்து விழுந்துவிடும். சொல்லின் நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றுவதைத் தவிர்த்து, அசை தொடங்கும் இடத்தில் மாற்றுங்கள்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு வில்லுப்பாட்டின் 'ஆமா'வைவிட நல்ல தொடக்கம் இல்லை. நம் அம்மன் கோவில் கொடைகளில் புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் கொடுக்கும் அந்தப் பதில் இரண்டு நெடில், நடுவே ஒரு மகரம். மகரத்தில் உதடு மூடும்போது மேல் பட்டைகள் எல்லாம் மூடிக் கீழ்ப் பட்டை மட்டும் நிற்பதும், ஆகாரத்தில் நடுப்பட்டைகள் விரிவதும் காதாலேயே பிடிபடும். ஒலியமைப்பை மாற்றும்போதெல்லாம் இதை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

எட்டாம் படி: காற்று, மழை, கரண்ட்

வீட்டில் சரியாக இருந்தது மேடையில் கெடுவதற்குப் பாதிக் காரணம் இடம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கத்துத் திறந்தவெளி மேடையிலும், முட்டம், குளச்சல் போன்ற கடற்கரைத் திருவிழாக்களிலும் நுரை உறை இல்லாமல் வோகோடர் மைக்கை வைக்கவே வேண்டாம். காற்று அடிக்கும்போது கீழ்ப் பட்டைகள் தாமாகவே திறந்து மூடும். யாரும் பேசாமலேயே கருவி உறுமும். லோ கட்டை 200 வரைகூட உயர்த்திக்கொள்ளுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தகரக் கூரைப் பந்தலில் மழை விழும் ஓசை, ஸ் ஒலியைப் போலவே எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல். அது மைக்கில் ஏறினால் மேல் பட்டைகள் மூடவே மூடாது. சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் இதை வெல்ல முடியாது. மைக்கை உதட்டோடு ஒட்டி, மிக்சரின் கெயினைக் குறைத்து, திரெஷோல்டை ஏற்றுவதுதான் ஒரே வழி. அடைமழையென்றால் வோகோடர் பகுதியைத் தள்ளிப்போடுங்கள்.

'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். மிக்சர், கீபோர்டு, கீபோர்டு ஆம்ப் மூன்றும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். ஜெனரேட்டரிலிருந்து ஒன்று, மண்டப இணைப்பிலிருந்து ஒன்று என்று பிரித்தால் ஹம் நிச்சயம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் ரீங்காரம் கூடுதலாக இருக்கும். ஹம்மை நிறுத்துவதற்காக எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வோகோடர் மைக்கின் உலோக வலை உதட்டைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எர்த்தை எடுத்த கருவியில் கசிவு ஏற்பட்டால் அது உங்கள் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். கூடத்துப் பெரிய மிக்சருக்கும் உங்கள் கீபோர்டுக்கும் இடையில் டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட்டை (ஒலிக் கேபிளின் கவச இணைப்பை மட்டும் துண்டிக்கும் பொத்தான்) அழுத்துங்கள். மின் பாதுகாப்பு குலையாமல் ஹம் போய்விடும்.

ஒன்பதாம் படி: கூடத்து ஒலியோடு சேர்த்தல்

கூடத்தின் பெரிய மிக்சரிலிருந்தே வோகோடருக்குக் குரல் எடுப்பதென்றால், அதன் ஆக்ஸ் (தேர்ந்த சேனல்களை மட்டும் அனுப்பும் தனி வெளியீடு) வழியாக, ஃபேடருக்கு (சேனலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவி) முந்தைய நிலையில் எடுங்கள். அப்போது கூடத்தில் குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் வோகோடருக்குப் போகும் அளவு மாறாது. அந்த ஆக்ஸில் உங்கள் மைக் ஒன்று மட்டுமே திறந்திருக்க வேண்டும். கீபோர்டு திரும்பி வரும் சேனலில் அந்த ஆக்ஸ் திருகி சுழியத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறந்திருந்தால் வோகோடர் தன் குரலையே கேட்டுத் தானே பேசத் தொடங்கி, சில நொடிகளில் ஊளையாக முடியும்.

மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வோகோடர் ஒலி மானிட்டரில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. காதுக்குள் வைக்கும் மலிவான இயர்போன் இருந்தால் இன்னும் நிம்மதி. பேசாத நேரத்தில் மைக்கை அணைக்க, மிக்சரின் மியூட் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை மாதிரி வெடியும் செண்டையும் முழங்கும் இடங்களுக்கு அருகே வாசித்தால் அந்தப் பொத்தானின் அருமை தெரியும். ஒவ்வொரு செண்டை அடிக்கும் உங்கள் கார்டு சேர்ந்து துடிக்கும். சிலருக்கு அது பிடித்தும் போகலாம். செண்டை மைக் ஒன்றை வேண்டுமென்றே வோகோடருக்குள் விட்டு வாசிப்பதும் ஒரு வித்தைதான். மைக்கில் வருவது குரலா, தோலா என்று கருவி கேட்பதில்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

கடற்காற்றின் உப்பு மைக்கின் வலையிலும் ஜாக்கிலும் படியும். டைனமிக் மைக்கின் வலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் நுரையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். எச்சில் காய்ந்து அடைத்த நுரை மேல்சுருதியைத்தான் முதலில் தின்னும், வோகோடருக்கு அதுதான் உயிர். ஜாக் முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கேபிளை முழங்கையில் சுற்றாமல் தளர்வான வட்டமாகச் சுருட்டி, எது எக்ஸ்எல்ஆரிலிருந்து மோனோ ஜாக், எது பேலன்ஸ்டு என்று முனையில் ஒரு டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.